அஞ்சு நாள் அட்டெண்டன்ஸும் அட்லாண்டிக் கடலும்

'தி டே ஆஃப்டர் டுமாரோ' பார்த்திருக்கீங்களா? 2004 மே மாசம் ரிலீஸான படம். கடல் நீரோட்டம் நின்னு போய், நியூயார்க் நகரமே ஐஸ் பெட்டியாகிடும். சில நாளில் எல்லாம் முடிஞ்சுடுங்கிறது ஹாலிவுட் கணக்கு, அதை விட்டுத் தள்ளுங்க. ஆனா, படம் தியேட்டருக்கு வர்றதுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மாசம் முன்னாடிதான், அதே நீரோட்டத்தை நாள் தவறாம அளக்கிற நிஜ வேலை அட்லாண்டிக்கில் ஆரம்பமாச்சு. அந்தத் திட்டத்தோட பேர் 'ராபிட்'.

முதல்ல நீரோட்டத்தைப் பார்த்துடுவோம். அட்லாண்டிக்கின் மேல்மட்டத்தில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் வடக்கே போகிறது. கிரீன்லாந்து, ஐஸ்லாந்து பக்கம் போனதும் தன் சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துட்டுக் குளிர்ந்து போகும். குளிர்ந்த தண்ணீர் கனம். உப்பும் இருந்தா இன்னும் கனம். அதனால் மூழ்கி, சில கிலோமீட்டர் ஆழத்தில் தெற்கே திரும்பி வரும். விஞ்ஞானிகள் இதுக்கு வெச்சிருக்கிற சுருக்கப் பேர் 'ஏமாக்'.

வெப்பமண்டலக் கடலுக்குக் கீழே ஜில் தண்ணீர் இருக்குன்னு 1751-லேயே ஒருத்தர் அளந்துட்டார். ஹென்றி எல்லிஸ், அடிமை வியாபாரக் கப்பல் ஒன்றின் கேப்டன் (அந்தக் கொடுமை தனிக்கதை). மூடி வெச்ச வாளி ஒன்றைக் கயிறு கட்டி ஒன்றரை கிலோமீட்டருக்கும் கீழே இறக்கித் தூக்கினார். வந்த தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சி. மனுஷன் என்ன பண்ணினார் தெரியுமா? அதில் குளிச்சார், தன் ஒயினை ஜில்லாக்கிக் குடிச்சார். அவர் வாளியை இறக்கியது கிட்டத்தட்ட 25 டிகிரி வடக்கில். இன்னைக்கு ராபிட் கருவிகள் நிற்கிறது 26.5 டிகிரியில், பக்கத்து வீடு மாதிரி!

இந்த நீரோட்டத்தின் அளவு சராசரியா விநாடிக்கு ஒரு கோடியே 70 லட்சம் கன மீட்டர். அந்த வேகத்தில் தண்ணீர் விட்டால் காலியான மேட்டூர் அணை மூணு நிமிஷத்துக்குள் நிரம்பிடும். அது வடக்கே தூக்கிட்டுப் போகும் வெப்பம், ஆயிரம் மெகாவாட் மின் நிலையங்கள் 12 லட்சம் சேர்ந்து கொடுக்கிற அளவு.

இவ்வளவு பெரிய சமாச்சாரத்தை ரொம்ப காலம் எப்படி அளந்தாங்க? கப்பலில் போய், ஒரு கரையிலிருந்து மறு கரை வரை அங்கங்கே நிறுத்தி அளந்துட்டு வருவாங்க. 1957, 1981, 1992, 1998, 2004... மொத்தமே அஞ்சு தடவை. இந்த அஞ்சையும் ஒப்பிட்டு, நீரோட்டம் 30 சதவீதம் குறைஞ்சுடுச்சுன்னு 2005-ல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்துச்சு. உலகமே பதறிப் போச்சு.

செமஸ்டர் முழுக்க அஞ்சே அஞ்சு நாள் அட்டெண்டன்ஸ் எடுத்து, அதில் ரெண்டு நாள் நீங்க லீவா இருந்தா என்ன ஆகும்? 60 சதவீதம், தேர்வு எழுத முடியாது! இங்கேயும் அந்தக் கதைதான். ராபிட்டின் முதல் வருஷக் கணக்கு 2007-ல் வந்தப்போ, அந்த ஒரே வருஷத்துக்குள் நீரோட்டம் விநாடிக்கு 40 லட்சத்திலிருந்து மூணரைக் கோடி கன மீட்டர் வரை ஆட்டம் போட்டிருந்தது. அஞ்சு கப்பல் பயணத்தில் தெரிந்த வித்தியாசம் அந்த ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிடுச்சு. அளந்தவங்க மேல தப்பு இல்லை. அளந்த நாள் போதலை, அவ்வளவுதான்.

ராபிட் வேலை செய்ற விதம் செம சுவாரஸ்யம். பஹாமாஸிலிருந்து ஆப்பிரிக்கக் கரை வரை சுமார் 6000 கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் கருவி நட முடியுமா? தேவையே இல்லை. பூமி சுழல்வதால், ரெண்டு கரையிலும் தண்ணீரின் அடர்த்தி எவ்வளவு வித்தியாசப்படுதுன்னு தெரிஞ்சாலே நடுவில் எவ்வளவு ஓடுதுன்னு கணக்குப் போட்டுடலாம். அதனால் முக்கியமா ஓரங்களில், கடலடியில் நங்கூரமிட்டு மிதவையால் நிமிர்த்தி நிறுத்திய கம்பிகள். வெப்பம், உப்பு, அழுத்தம் அளக்கிற கருவிகள் அதில் கோத்திருக்கும். குறிப்பிட்ட இடைவெளியில் கப்பல் வந்து ஒலி சிக்னல் கொடுத்தா, நங்கூரத்தை விட்டுட்டு மேலே மிதந்து வரும்.

ஃபுளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் நடுவில் இன்னொரு வித்தை. கடலடியில் கிடந்த டெலிபோன் கேபிள்! உப்புத் தண்ணீர் பூமியின் காந்தப்புலத்தில் ஓடும்போது மின்னழுத்தம் உண்டாகும். ஆமாம், ப்ளஸ் டூ-வில் நீங்க மனப்பாடம் பண்ணி மறந்த அதே ஃபாரடே. 1982-லிருந்து இப்படித்தான் அங்கே நீரோட்டத்தை அளந்து வந்தாங்க. இதிலும் ஒரு ட்விஸ்ட். பூமியின் காந்தப்புலமே மெல்ல மாறிக்கிட்டிருக்கு. அதைக் கணக்கில் சேர்த்துத் திருத்தினப்போ, அந்த ஃபுளோரிடா நீரோட்டம் 40 வருஷமா பெருசா குறையவே இல்லைன்னு 2024-ல் தெரிய வந்தது. அதோட, ராபிட் காட்டிய மொத்தச் சரிவும் முன்பு நினைத்ததை விடக் குறைவாச்சு.

அப்போ பயப்பட ஒண்ணுமில்லையா? அப்படிச் சொல்ல மாட்டேன். 2009-10-ல் நீரோட்டம் சுமார் 30 சதவீதம் விழுந்து ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. அந்த சமயம் நியூயார்க்குக்கு வடக்கே அமெரிக்கக் கரையோரம் கடல் மட்டம் சுமார் 13 சென்டிமீட்டர் ஏறியது. கிரீன்லாந்து பனி உருகி நல்ல தண்ணீர் கலக்கக் கலக்க, கடல்நீரின் உப்பும் கனமும் குறையும், மூழ்குவது சிரமமாகும். இந்த நூற்றாண்டில் நீரோட்டம் பலவீனமாக மிக அதிக வாய்ப்பு இருக்குன்னு ஐ.நா-வின் பருவநிலைக் குழு 2021-ல் சொன்னது. 2100-க்குள் திடீர்னு நின்னுடாதுங்கிறதில் அதுக்கு நடுத்தர நம்பிக்கைதான். அப்படி நின்னா, அடி ஐரோப்பாவோட போகாது. ஆசியப் பருவமழையும் பலவீனமாகும்னு அதே அறிக்கை சொல்லுது. நம்ம தென்மேற்குப் பருவமழையும் அதில் அடக்கம்.

ராபிட் அளவீடுகள் இணையத்தில் இலவசம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கலாம். ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு கிடைக்காமல் சீனியரோட பழைய ரிப்போர்ட்டைத் தூசி தட்டிக்கிட்டிருக்கீங்களா? இதை இறக்கி ஒரு கிராஃப் போடுங்க. 2009 கடைசியில் ஒரு பெரிய பள்ளம் விழுந்திருக்கும். எல்லிஸோட வாளியிலும் அந்த அஞ்சு கப்பலிலும் சிக்காம இருந்தது அந்த மாதிரி பள்ளங்கள்தான்.