பூச்சுக்குள் இருப்பது

அக்கா வீட்டுச் சமையலறையில் ஒரு தட்டு ஸ்டாண்டு மாட்ட வேண்டியிருந்தது. நான்கு ஓட்டைகள். மூன்று போட்டாகிவிட்டது. நான்காவதில் டிரில் பிட் ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கியதும், அதுவரை மாவு போல உதிர்ந்த செங்கல் தூள் சேறாக வந்தது. அடுத்த நொடி தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மொட்டை மாடிக்கு ஓடி டேங்க் வால்வை மூடுவதற்குள் சமையலறையில் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர். டைல்ஸை உடைத்து, பைப்பை வெட்டி ஒட்டி, மறுபடி பூசி முடிக்க நான்கு நாள் ஆனது. வீட்டைக் கட்டிய மேஸ்திரி ஊரை விட்டுப் போய் வருடங்கள் ஆகிவிட்டன. பைப் எந்த வழியாகப் போகிறது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அதன் பிறகுதான் கையடக்க மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கினேன். மூன்று வருடமாக, அதை வைத்துத் தடவிப் பார்க்காமல் எந்தச் சுவரிலும் டிரில் வைத்ததில்லை. ஆனாலும் அதை வாங்கப் போகிறேன் என்று வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: அன்று அது கையில் இருந்திருந்தாலும் அந்தப் பைப்பைக் காட்டியிருக்காது. உடைந்தது சிபிவிசி பைப், அதாவது பிளாஸ்டிக். மெட்டல் டிடெக்டருக்குப் பிளாஸ்டிக்கும் காற்றும் ஒன்று. கருவி கத்தினால் அங்கே ஏதோ உலோகம் இருக்கிறது. கத்தாவிட்டால் உலோகம் இல்லை, அல்லது எட்டாத ஆழத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துபவருக்கு வீட்டு வேலையில் இது பெரிய துணை.

கடையில் இது மூன்று உருவங்களில் கிடைக்கிறது. செல்போனைவிடச் சற்றுத் தடியாக, சுவரோடு ஒட்டி நகர்த்தும்படி இருப்பது சுவர் ஸ்கேனர். கோயில் வாசலிலும் மால்களிலும் காவலர்கள் உடம்பைத் தடவிப் பார்க்கும் மட்டை இரண்டாவது. கேரட் போல நுனி கூம்பிய சிறு கருவி மூன்றாவது. தோண்டிய குழிக்குள் விட்டுத் தேடுவதற்காக வந்தது அது. உருவம் எதுவானாலும் உலோகத்தைத் தேடுவது உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருள்தான்.

அந்தச் சுருளில் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்சாரம் ஓடுகிறது. அதே வேகத்தில் சுருளைச் சுற்றிக் காந்தப்புலம் எழுந்து அடங்குகிறது. மாறுகிற காந்தப்புலம் அருகிலுள்ள கம்பியில் மின்சாரத்தைத் தூண்டும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டார். பூச்சுக்குள் கம்பியோ ஆணியோ இருந்தால் அதற்குள்ளும் சின்னச் சின்ன வட்டங்களாக மின்சாரம் சுற்றத் தொடங்குகிறது. தண்ணீரில் துடுப்பை இழுத்தால் பின்னால் சுழிகள் வருமே, அதுபோல. பெயரும் சுழல் மின்னோட்டம்தான். அந்தச் சுழல்கள் தங்களுக்கென்று ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்கித் தங்களைத் தூண்டிய புலத்தை எதிர்க்கும். அந்த எதிர்ப்பைக் கருவி உணர்ந்துகொள்கிறது. இரும்பு என்றால் இன்னொன்றும் சேர்கிறது. அது காந்தப்புலத்தைத் தன் பக்கம் இழுத்துச் செறிவாக்கும். செம்பும் அலுமினியமும் ஒரு விதமாகவும் இரும்பு வேறு விதமாகவும் பதில் சொல்வதால், நல்ல ஸ்கேனர்கள் எந்த வகை உலோகம் என்பதையும் திரையில் காட்டிவிடுகின்றன.

அந்தக் காலக் கருவிகள் இதைக் காதுக்குக் கொண்டுவந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். தம்புராவில் இரண்டு தந்திகள் மயிரிழை விலகியிருந்தால், சேர்த்து மீட்டும்போது ஓர் அலை எழும். அந்த அலை அடங்கும்வரை பிருடையைத் திருப்பித்தான் சுருதி சேர்ப்பார்கள். பழைய டிடெக்டரிலும் அப்படி இரண்டு அதிர்வுகள் இருந்தன. ஒன்று கருவிக்குள் மாறாமல் ஓடும், இன்னொன்று தேடும் சுருளோடு சேர்ந்தது. உலோகம் அருகில் வந்ததும் சுருளின் சுருதி விலகும். அந்த விலகல்தான் ‘ஊய்’ என்று நமக்குக் கேட்டது.

இந்தக் கருவிக்குத் தூரம் ஆகாது. சுருளின் புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். உலோகத்திலிருந்து திரும்பி வரும் பதிலும் அப்படியே குறையும். இரண்டும் சேரும்போது ஆறாம் அடுக்கு. அதனால் சின்ன ஆணி ஒன்றின் ஆழம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து வரும் சமிக்ஞை 64இல் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு தலையணை மேல் ஆணியை வைத்து, அதன்மேல் நோட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக் கருவியை ஓட்டுங்கள். நூலால் தைத்த நோட்டுகளாக இருக்கட்டும், ஸ்டேபிள் பின் இருந்தால் அதுவே கத்தும். என் கருவி நான்கு நோட்டு வரை உறுதியாகக் கத்தியது, ஐந்தில் தயங்கியது, ஆறில் அடங்கிவிட்டது. ஒரு நடுத்தர விலை ஸ்கேனரின் பெட்டியில் இரும்புக்கு 12 செ.மீ., செம்புக்கு 8 செ.மீ., மின்சாரம் ஓடும் வயருக்கு 5 செ.மீ. என்று ஆழம் போட்டிருப்பார்கள். அது தடித்த கம்பிக்கு, நல்ல சூழ்நிலையில் கிடைக்கும் அளவு. சிறு ஆணிக்கு உங்கள் நோட்டுக் கணக்கை நம்புங்கள்.

மனிதன் மிகுந்த பதற்றத்தோடு இந்தக் கருவியை நீட்டிய ஒரு சந்தர்ப்பம் வரலாற்றில் உண்டு. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டை வாஷிங்டன் ரயில் நிலையத்தில் ஒருவன் சுட்டான். ஒரு குண்டு உடலுக்குள்ளேயே தங்கிவிட்டது. எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட இன்னும் 14 வருடங்கள் இருந்தன. தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இரவு பகலாக உழைத்து, சுருள்களோடு தொலைபேசியின் காதில் வைத்துக் கேட்கும் பகுதியைச் சேர்த்து ஒரு டிடெக்டர் செய்தார். சோதனைகளில் அது வேலை செய்தது. அதிபரின் படுக்கையருகே கொண்டுபோனதும் எங்கே வைத்தாலும் மெல்லிய ஒலி கேட்டுக்கொண்டே இருந்தது. மெத்தைக்கு அடியில் எஃகுச் சுருள்கள் இருந்தது பிறகுதான் தெரிந்தது. போதாததற்கு, குண்டு வலப்பக்கம் இருப்பதாக நம்பிய தலைமை மருத்துவர் அந்தப் பக்கத்தை மட்டும்தான் தேட விட்டார். செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்டு இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப்பக்கம் இருந்தது.

பெல்லைக் குழப்பிய அந்தக் கட்டில் நம் சுவர்களிலும் உண்டு. கான்கிரீட் பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் பூச்சு வெடிக்காமல் இருக்கக் கோழி வலை அடித்துப் பூசுவது வழக்கம். வயர் பைப்புக்காகக் கொத்திய பள்ளத்தின் மேலும் பல மேஸ்திரிகள் வலை வைப்பார்கள். அங்கே கருவியை வைத்தால் ஒரு முழ அகலத்துக்கு ஓயாமல் கத்தும். முதன்முறை கேட்டபோது கருவி பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். அந்த மாதிரி இடத்தில் உணர்திறனைக் குறைத்துக்கொண்டு, கத்தும் பகுதிக்கு உள்ளேயே கருவியை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து நகர்த்தினால், வலையின் பொது இரைச்சல் அடங்கி, தடித்த கம்பி மட்டும் தனியாகத் தெரிய வாய்ப்பு உண்டு. அப்போதும் தெளியாவிட்டால் ஓட்டையை வேறு இடத்துக்கு மாற்றுவதுதான் சரி.

சாதாரணச் சுவரில் வேலை எளிது, நிதானம் மட்டும் வேண்டும். கை மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். கருவியைக் காற்றில் பிடித்து ஆன் செய்து, பிறகு சுவரோடு ஒட்டி இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்துங்கள். ஒலி தொடங்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. அடுத்து வலமிருந்து இடமாக வந்து, தொடங்கும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில்தான் உலோகம். ஒரு சாண் கீழே இறங்கி அதையே திரும்பச் செய்யுங்கள். நாலைந்து முறை செய்ததும் புள்ளிகள் வரிசையாக நின்றால் அது கம்பி அல்லது வயர். ஒரே இடத்தில் ஒலித்து மேலும் கீழும் அடங்கினால் பழைய ஆணியாக இருக்கும். பில்லரில் தேடினால் நெடுக்கே கம்பியும் குறுக்கே ரிங்கும் கட்டம் கட்டமாக வரும். பில்லர் கம்பிக்கு மேல் குறைந்தது 40 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டும், தளத்தில் 20 மி.மீ. போதும் என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456இன் விதி. கட்டத்தின் நடுவில் ஓட்டை போட்டால் பிட்டும் பிழைக்கும், கம்பியும் பிழைக்கும்.

வயரைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், இது உயிர் சம்பந்தப்பட்டது. பிவிசி பைப்புக்குள் ஓடும் மெல்லிய செம்பு வயரைச் சுருள் பல சமயம் தவறவிடும். அதனால் ஸ்கேனர்களில் இன்னொரு உணரி இருக்கிறது. 230 வோல்ட் மின்சாரம் இருக்கும் வயரைச் சுற்றி நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும் மின்புலத்தை அது மோப்பம் பிடிக்கும். மின்சாரம் இல்லாத வயரை இதனால் காண முடியாது. ஆகவே தேடும்போது மெயின் ஆன் செய்திருக்க வேண்டும், அந்தச் சுவரிலுள்ள லைட், ஃபேன் ஸ்விட்சுகளும் ஆன் செய்திருக்க வேண்டும். ஸ்விட்சை அணைத்து வைத்தால் அதற்கு அப்பால் போகும் வயர் கருவிக்குத் தெரியாமல் போய்விடலாம். பென்சில் கோடு போட்டு முடிந்ததும், டிரில்லை எடுக்கும் முன் அந்த அறையின் எம்சிபியை இறக்கிவிட்டு, டிரில்லுக்கு வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்துக்கொள்ளுங்கள். ஈரச் சுவரில் மின்புலம் பரவி, அகலமாகக் கத்தும். இரும்புக் குழாய்க்குள் ஓடும் பழைய வயரிங் மின்புலத்தை மறைத்துவிடும், அங்கே குழாயைச் சுருள் கண்டுபிடிக்கும். கருவி என்ன சொன்னாலும், ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஒரு சாண் அகலத்துக்கு டிரில் வைக்க வேண்டாம். பெரும்பாலும் வயர் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கும்.

நான் இதை அதிகம் பயன்படுத்தியது சுவரில் அல்ல, மரத்தில். இடித்த வீட்டு மரங்களை வாங்கிக் கதவும் மேசையும் செய்யும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் உண்டு. காரைக்குடிப் பக்கம் போனால் பழைய பர்மா தேக்கு நிலைகளும் உத்திரங்களும் கடை கடையாக அடுக்கியிருக்கும். நூறு வருடம் காய்ந்த அந்த மரம் இனி கோணாது. ஆனால் தோரணத்துக்கும் திரைக்கும் காலண்டருக்கும் தலைமுறை தலைமுறையாக அடித்த ஆணிகள் தலை உடைந்து, மரத்துக்குள் புதைந்து, மேலே பெயின்ட் ஏறி மறைந்து கிடக்கும். இழைப்புளியின் தகடு அதில் ஒருமுறை உரசினால் விளிம்பு பல்லாகிவிடும். ஓடும் ரம்பத்தின் கார்பைடு பல் தெறித்தால் கண்ணே போகலாம்.

எங்கள் ஆசாரி முன்பு உள்ளங்கையால் மரத்தைத் தடவியே ஆணி தேடுவார். துரு ஏறிய ஆணியைச் சுற்றிக் கருநீலமாகக் கறை படியும், அதையும் பார்ப்பார். முதன்முறை நான் மட்டையை நீட்டியபோது அவர் ஆர்வம் காட்டவில்லை. அவர் சுத்தம் என்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு நிலைக்காலில் அது மூன்று இடத்தில் கத்தியது. உளியால் மெல்லப் பறித்துப் பார்த்தார். முதல் இரண்டிலும் கொசு அளவுக்கு ஒடிந்த முனைகள். மூன்றாவதில், கையால் அடித்துச் செய்த சதுர ஆணி ஒன்று, கட்டை விரல் நீளம். அதை இடுக்கியால் உருவி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, இத இங்கயே வச்சிட்டுப் போங்க” என்றார். இப்போது அவர் பட்டறையில் மட்டைக்கென்று தனி ஆணி உண்டு. மரத்துக்கு நான்கு முகங்களிலும் ஓட்ட வேண்டும் என்பது அவர் கண்டுபிடித்த விதி. ஒரு பக்கம் ஆழத்தில் இருப்பது மறுபக்கம் மேலாக இருக்கும்.

தோட்டத்திலும் இது உதவும். மண் மூடிப்போன வால்வு, செப்டிக் டேங்க் மூடியின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஆகியவற்றை, ஆழம் அரை அடிக்குள் இருந்தால் கண்டுபிடிக்கலாம். அதற்கும் கீழே என்றால் பெரிய சுருள் வைத்த கருவி தேவைப்படும்.

போன மாதம் அக்கா வீட்டில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சமையலறையின் நான்கு சுவர்களையும் தடவினோம். கேட்டதையெல்லாம் மாமா அளவெடுத்து ஒரு சார்ட்டில் வரைந்தார். வயருக்குச் சிவப்பு, கம்பிக்குக் கறுப்பு. பிளாஸ்டிக் பைப் மட்டும் பேசவில்லை. ஆனால் டைல்ஸுக்குப் பின்னால் இரண்டு இடத்தில் கருவி சின்னதாக ஒலித்தது. எதிர்காலத்தில் குழாய் வைப்பதற்கென்று விட்டு, அடைத்து மூடிய பித்தளை எல்போக்கள் அவை. ஏற்கெனவே இருக்கும் குழாயையும் அந்த இரண்டு புள்ளிகளையும் சேர்த்தால் பைப் போகும் வழி ஓரளவு புரிந்தது. அதை மாமா நீலத்தில், புள்ளிக் கோடாகப் போட்டார். அந்தப் படம் இப்போது லாஃப்ட் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது. நீலக் கோட்டின் அருகே அக்கா தன் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள்: “இது காதில் விழாதது. பார்த்து.”