மேல் மூலையில் எண்ணா, எழுத்தா?

போன செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பர்மிங்ஹாமுக்கு வெளியே ஒரு புல்வெளிச் சந்தையில் அந்தப் பக்கிளை வாங்கினேன். கார் டிக்கியைத் திறந்து வைத்து வீட்டுப் பழைய சாமான்களை விற்கிற சந்தை அது. தேக்கரண்டிகளுக்கும் துருப்பிடித்த சாவிகளுக்கும் நடுவே, பித்தளையில் ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரர் மட்டையை ஓங்கியபடி நின்றார். இடுப்பு பெல்ட்டின் பக்கிள்தான். ஒரு பக்கம் வட்டத் தகடு, அதன் ஓரத்தில் கொக்கி. மறுபக்கம் அந்தக் கொக்கி மாட்டுகிற வளையம். 1850-ஆம் வருஷத்துச் சரக்கு, பின்னால் முத்திரையே இருக்கிறது என்றார் விற்றவர். 15 பவுண்டு கொடுத்தேன்.

எனக்குச் சொந்த ஊர் நாச்சியார்கோவில். அப்பா குத்துவிளக்கு வார்த்தவர். காவிரி வண்டலைச் சலித்து அச்சுக் கட்டுவதையும், மூசையில் பித்தளை உருகிப் பச்சைச் சுடர் விடுவதையும் பார்த்து வளர்ந்தவன் நான். 22 வருஷமாக பர்மிங்ஹாமில் ஒரு பட்டறையில் உலோக வேலை பார்க்கிறேன். பித்தளைச் சாமான் எது கையில் வந்தாலும் முதலில் திருப்பிப் பின்புறத்தைத்தான் பார்ப்பேன். முன்புறம் வாங்குகிறவருக்காகச் செய்தது. செய்தவனுடைய கை பின்புறத்தில்தான் தெரியும்.

நம் வீடுகளில் பாத்திரத்தில் பேர் வெட்டுவோம். அண்டாவின் கழுத்தில் பாட்டி பேர் இருக்கும், சீர் கொடுத்த தாய்மாமன் பேர் இருக்கும். வார்த்த ஆசாரியின் பேர் இருக்காது. அப்பா வார்த்த விளக்கு எந்தெந்த ஊரில் எரிகிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இங்கிலாந்தில் கதை வேறு. ஒருவர் போட்ட டிசைனை அடுத்த தெருக்காரர் காப்பி அடிக்காமல் இருக்க 1842-இல் ஒரு சட்டம் வந்தது. டிசைனை அரசாங்கத்திடம் பதிவு செய்துகொண்டால், அதற்கு அடையாளமாகப் பொருளில் வைர வடிவ முத்திரை ஒன்றைப் போடலாம். 1883 வரை இந்த முறை இருந்தது. என் பக்கிளின் பின்னால் இருந்ததும் அதுதான். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது.

அதைப் படிக்க லென்ஸைவிட வெளிச்சம் முக்கியம். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. மேஜையோடு மேஜையாகப் படுக்க வைத்துச் சாய்வாக அடித்தால் எழுத்துகள் நிழலோடு எழுந்து வரும். பிறகு மெல்லிய தாளை மேலே வைத்து, சின்ன வயதில் காசுக்குச் செய்வோமே அதுபோல, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தேன். வைரத்தின் நடுவில் பதிவைக் குறிக்கும் ஆர், டி. உச்சியில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ரோமன் ஒன்று. உலோகப் பொருள் என்று அர்த்தம். மரத்துக்கு இரண்டு, கண்ணாடிக்கு மூன்று, பீங்கானுக்கு நான்கு. உங்கள் வீட்டில் பழைய இங்கிலாந்துப் பீங்கான் தட்டு இருந்தால் கவிழ்த்துப் பாருங்கள், அந்த நான்கு கண்ணில் படலாம்.

வட்டத்துக்குக் கீழே நான்கு மூலைகள். என் பக்கிளில் மேல் மூலையில் 5. வலது மூலையில் வி. கீழ் மூலையில் எச். இடது மூலை தேய்ந்திருந்தது. 3 அல்லது 8.

விற்றவர் வி-யைப் பார்த்திருக்கிறார், ஏதோ ஒரு பட்டியலில் வி என்றால் 1850 என்று படித்திருக்கிறார். பட்டியல் சரிதான். ஆனால் அதே வி 1876-ஐயும் குறிக்கும். வருஷத்துக்கு ஓர் எழுத்து என்று வைத்தார்கள், அதையும் அகர வரிசையில் வைக்கவில்லை: 1842-க்கு எக்ஸ், 1843-க்கு எச், 1844-க்கு சி, 1845-க்கு ஏ. 26 எழுத்தும் 1867-இல் தீர்ந்துபோனது. 1868-இல் மறுபடி எக்ஸிலிருந்து ஆரம்பித்தார்கள். குழப்பம் வராமலிருக்க மூலைகளை மாற்றினார்கள். முதல் சுற்றில் மேல் மூலை வருஷம், இடது மாதம், வலது தேதி, கீழே அன்றைய பதிவின் கட்டு எண். இரண்டாம் சுற்றில் மேல் மூலை தேதி, வலது வருஷம், கீழே மாதம், இடது கட்டு எண்.

இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மேல் மூலையில் எழுத்து இருந்தால் 1867-க்குள், எண் இருந்தால் 1868 முதல். என்னுடையதில் 5 இருக்கிறது. ஆக வலது மூலை வி 1876. மாத எழுத்துகளில் எச் ஏப்ரல். 1876 ஏப்ரல் 5. கூட்டிப் பார்த்தேன், புதன்கிழமை. நூற்று நாற்பது வருஷத்துக்கும் மேற்பட்ட ஒரு பித்தளைத் துண்டு தன் நாளையும் கிழமையையும் சொல்லிவிட்டது. என் அப்பாவின் பிறந்த தேதிகூட எங்களுக்கு இவ்வளவு சரியாகத் தெரியாது.

ஆனால் அந்தத் தேதி டிசைன் பதிவான தேதி. பக்கிள் வார்த்த தேதி ஆகாது. நன்றாக விற்கிற உருவத்தைப் பட்டறைகள் வருஷக்கணக்கில் வார்க்கும். பதிவு செய்தவரே செய்தவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை, மொத்த வியாபாரியாகவும் இருக்கலாம். ஆகவே 1876 ஏப்ரலுக்கு முன் இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். 1884 ஜனவரி 1 முதல் வைரத்தை விட்டுவிட்டு வெறும் வரிசை எண் போட ஆரம்பித்தார்கள். பிற்காலத்து வார்ப்பில் பழைய அச்சின் வைரம் அப்படியே வந்துவிடுவதும் உண்டு. பின்னால் இங்கிலாந்து என்று நாட்டின் பேர் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பேர் வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கேட்ட காலம் அது. என்னுடையதில் அந்தப் பேர் இல்லை.

முத்திரை சொல்வதைப் படமும் ஒத்துக்கொள்ள வேண்டும். தகட்டில் மட்டைக்காரர் தலையில் தொப்பி, பழைய காலத்து நெட்டைத் தொப்பி இல்லை. ஓரத்தில் பயறு அளவில் ஒரு பந்துவீச்சாளர். கை காதுக்கு மேலே போயிருக்கிறது. அந்தக் கையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தோளுக்கு மேலே கை உயர்த்திப் பந்து வீசுவது ஒருகாலத்தில் குற்றம். 1862-இல் ஓவல் மைதானத்தில் எட்கர் வில்ஷர் அப்படி வீசியபோது நடுவர் ஜான் லில்லிவைட் தொடர்ந்து ஆறு பந்துகளை நோபால் என்றார். வில்ஷர் மைதானத்தை விட்டு வெளியேறினார். விதி மாறியது 1864-இல். 1850-இல் ஒரு கைவினைஞர் இப்படி ஒரு கையைச் செதுக்கியிருப்பாரா? 1876 என்றால் எல்லாம் பொருந்துகிறது. இந்த டிசைன் பதிவான அதே வருஷம் ஆகஸ்டில்தான் டபிள்யூ.ஜி. கிரேஸ் கேன்டர்பரியில் 344 ஓட்டங்கள் எடுத்தார், முதல்தர ஆட்டத்தில் முதல் முச்சதம். ஊரே கிரிக்கெட் பேசிய கோடையில் கிரிக்கெட் பக்கிள் விற்காமலா இருந்திருக்கும்?

வெள்ளிப் பக்கிளாக இருந்தால் வழி வேறு, கொஞ்சம் சுலபமும்கூட. நடக்கும் சிங்கம் ஸ்டெர்லிங் வெள்ளியைக் குறிக்கும், ஆயிரத்தில் 925 பங்கு. நங்கூரம் பர்மிங்ஹாம் சோதனைச் சாலை, 1773-இல் தொடங்கியது. கூடவே வருஷ எழுத்து, செய்தவரின் தலைப்பெழுத்து, 1890 வரை வரி கட்டியதற்கு அடையாளமாக மன்னர் அல்லது ராணியின் தலை. ஆனால் இ.பி.என்.எஸ். என்ற நான்கு எழுத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது நிக்கல் கலவை மேல் வெள்ளி முலாம்.

முத்திரையே பொய் சொன்ன கதையும் உண்டு. 1960-களிலும் 70-களிலும் அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ நிறுவனத்தின் பேரும் டிஃபனி நகைக்கடை பேரும் போட்ட பித்தளைப் பக்கிள்கள் பழம்பொருள் என்று ஏராளமாக விற்பனைக்கு வந்தன. எல்லாம் புதுச் சரக்கு. அவற்றை நம்ப வைப்பதற்காக, 1950-இல் வெளியானதுபோல் ஒரு புத்தகத்தையே போலியாக அச்சடித்தார்கள்.

இங்கேதான் அப்பாவின் தொழில் எனக்குக் கைகொடுக்கிறது. பித்தளை ஆறும்போது சுருங்கும், நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை. பழைய பக்கிளையே அச்சாக வைத்து மண்ணில் அமுக்கி மறுவார்ப்பு எடுத்தால், புதியது ஒரு மயிரிழை சின்னதாகவே வரும். எழுத்தின் உள்விளிம்பு சோப்பு கரைந்ததுபோல் மழுங்கியிருக்கும். என் பக்கிளில் தேய்ந்த இடது மூலை நீங்கலாக மற்ற மூன்று எழுத்தின் விளிம்பும் நகத்தை இடறுகிறது. கொக்கியின் உட்புறம், வளையம் உராயும் இடம் மட்டும் வழவழப்பாக மெலிந்திருக்கிறது. தோல் வார் நுழையும் கம்பியின் மூலையில் பச்சைக் களிம்பு. யாரோ ஒருவர் இதைப் பல கோடைகள் இடுப்பில் மாட்டியிருக்கிறார். போலி செய்கிறவர்கள் முழுப் பொருளையும் ஒரே சீராகத் தேய்ப்பார்கள். உழைத்த தேய்மானம் உழைத்த இடத்தில் மட்டும்தான் இருக்கும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன், களிம்பைத் தேய்க்காதீர்கள். பல வருஷம் முன்பு முதன்முதலில் வாங்கிய பக்கிளை, வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்க்கிற பழக்கத்தில் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டேன். அதிலும் வைரம் இருந்தது. மேல் மூலையில் இருந்தது எண்ணா எழுத்தா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அது இன்னும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது, பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

பதிவேடுகள் லண்டனில் கியூ என்ற இடத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பதிவு செய்தவர் பேரும் விலாசமும் ஒரு தொகுதியில், அவர் கொடுத்த வரைபடம் இன்னொரு தொகுதியில். தேதி தெரிந்ததால் பக்கத்தைத் தேடிவிடலாம். அந்த 3-ஆ 8-ஆ என்பதும் அங்கே தெளிந்துவிடும். வரும் வியாழக்கிழமை போகிறேன். பக்கிளின் படத்தையும், தாளில் தேய்த்தெடுத்த பிரதியையும் உறையில் போட்டாகிவிட்டது. உள்ளே பேனா கொண்டுபோக விடமாட்டார்கள், பென்சில் மட்டும்தான். இரண்டு சீவி வைத்திருக்கிறேன்.