தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஒரு வானம்

“ஏட்டி, இது நம்மூரு ஓவர்ஹெட் டேங்குலா!”

ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் கால் வைத்த முதல் மாலை, ஓட்டல் அறையின் திரையை விலக்கியதும் அத்தை போட்ட சத்தம் இது. எட்டிப் பார்த்தேன். எதிரே மரம் அடர்ந்த சின்னக் குன்று. உச்சியில் ஆறு ராட்சத உருளைகள் வட்டம் கட்டி நின்றன. அவற்றின் தலைமேல் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து வைத்தாற்போல் பளபளவென்று ஒரு கூரை.

அத்தைக்கு நூற்றுக்கு நூறு. அது தொட்டியேதான்! ஊருக்கு வெந்நீர் கொடுக்கக் கட்டிய தொட்டிகள். ஒவ்வொன்றும் சுமார் 40 லட்சம் லிட்டர் கொள்ளும். 1991-ல் அவற்றின்மேல் கண்ணாடிக் கூரை போட்டு ஊரின் அடையாளமாகவே ஆக்கிவிட்டார்கள். பெயர் பெர்லான். ஐஸ்லாந்திய மொழியில் ‘முத்து’ என்று பொருள்.

“முத்தா? அதுக்குத் தூத்துக்குடியிலேருந்து இம்புட்டுத் தூரம் வரணுமா?” என்றாள் அத்தை. அறுபத்திரண்டு வயது. செருப்புக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ். கையில் ஒரு டப்பா நிறைய எள்ளுருண்டை.

நாங்கள் வந்தது துருவ ஒளிக்கு. பச்சைப் பச்சையாக வானத்தில் சேலை காயப்போட்டது போல் ஆடுமே, அதற்கு. கையில் இருந்தது மூன்று இரவு. அந்த வானத்திலோ தலையணைப் பஞ்சு மாதிரி ஒரே மேகம். அதனால்தான் எங்கள் சுற்றுலா வெளி வானத்தில் தொடங்காமல், குன்றின் மேல் கட்டிடத்துக்குள் இருந்த வானத்தில் தொடங்கியது.

ஓட்டலிலும் ஒரு புராணம்

நாங்கள் தங்கிய ரெய்க்யவிக் நட்டூரா அந்த எஷ்க்யூலீத் குன்றின் அடிவாரத்திலேயே இருக்கிறது. பக்கத்தில் உள்நாட்டு விமான நிலையம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படை போட்ட ஓடுபாதை. 1966-ல் இந்த ஓட்டலைத் திறந்தபோது பெயர் லோஃப்ட்லெய்தீர். செஸ் பைத்தியங்கள் இந்த இடத்தில் கையெடுத்துக் கும்பிடலாம். 1972-ல் பாபி ஃபிஷர் இங்கே தங்கித்தான் போரிஸ் ஸ்பாஸ்கியைப் பன்னிரண்டரைக்கு எட்டரை என்று வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனார். லிஃப்டுக்குள் நின்றபோது, ‘இந்த வழியாகத்தானே அந்த மனிதர் முறைத்துக்கொண்டு நடந்திருப்பார்!’ என்று எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

அத்தையைப் பரவசப்படுத்தியது வேறு. வெந்நீர்க் குழாயைத் திறந்தால் அவித்த முட்டை வாசம்! பூமிக்கடியில் இருந்து வரும் கந்தக வாயுவின் கைங்கரியம். ஊர் வெந்நீரில் ஒரு பங்கு நெஸ்யாவெட்லிர் புவிவெப்ப நிலையத்திலிருந்து 27 கிலோமீட்டர் குழாய் வழியே வருகிறது. வழியில் இழக்கும் சூடு 2 டிகிரிக்குள்தான். “நம்ம ஃபிளாஸ்க்குல ராத்திரி ஊத்துன காப்பி காலையில ஆறிப் போவுது, இவன் 27 கிலோமீட்டர் கொண்டாறான்” என்று அத்தை குழாயையே தட்டிக் கொடுத்தாள்.

இந்த நாட்டு ஓட்டல்களில் அழகான வழக்கம் ஒன்று உண்டு. வரவேற்பில் பெயர் கொடுத்துவைத்தால், ராத்திரி வானத்தில் ஒளி தென்பட்டதும் அறைக்குப் போன் அடித்து எழுப்புவார்கள். எங்கள் பெயரைக் கொடுத்தேன். அத்தை என்னைத் தள்ளிவிட்டு, தன் பெயரைத் தனியாக ஒருமுறை கொடுத்தாள்.

பிறகு வானிலைத் துறையின் துருவ ஒளி வரைபடத்தைத் திறந்தோம். ஐஸ்லாந்து முழுக்கப் பச்சை! அத்தை கைதட்டினாள். அவள் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாமல் மெதுவாகச் சொன்னேன்: அந்தப் படத்தில் பச்சை என்றால் மேகம். வெள்ளைதான் தெளிந்த வானம்.

முதலில் ஃப்ரீசர், பிறகு சொர்க்கம்

மறுநாள் மதியம் குன்றேறினோம். மரங்களுக்கு நடுவே பத்துப் பதினைந்து நிமிட நடை. இந்த ஊர்க்காரர்கள் தங்கள் காட்டைப் பற்றித் தாங்களே அடிக்கும் நக்கல் ஒன்று உண்டு: ஐஸ்லாந்துக் காட்டில் வழி தவறினால் என்ன செய்வது? எழுந்து நிற்க வேண்டும்! அந்தக் கேலிக்கு இந்தக் குன்று கொஞ்சம் விதிவிலக்கு. இங்கே எழுந்து நின்றாலும் மரம் தலைக்கு மேல்தான்.

தொட்டிகளில் ஒன்றுக்குள் பனிக்குகை இருக்கிறது. வெந்நீருக்குக் கட்டிய தொட்டியில் பனி! புளாஃப்யெட்ல் மலையிலிருந்து 350 டன்னுக்கு மேல் பனியை அள்ளி வந்து 100 மீட்டர் நீளக் குகை செய்திருக்கிறார்கள். உள்ளே மைனஸ் 10 டிகிரி. சுவரில் எரிமலைச் சாம்பல் கருப்பு வரியாக ஓடுகிறது. அத்தை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: “ஃப்ரீசரை ஆறு மாசம் கழுவாம விட்டா இப்படித்தாம்ட்டி இருக்கும்.”

அடுத்தது கோளரங்கம். அங்கே ஓடும் காட்சியின் பெயர் ‘அவுரோரா’. 8கே துல்லியத்தில், தலைக்கு மேல் கவிந்த திரையில், சுமார் 20 நிமிடம்.

விளக்கு அணைந்தது. நட்சத்திரம் வந்தது. அப்புறம் ஒரு பச்சை நூல். அது இழையாகி, இழை திரையாகி, திரை மடிந்து சுருண்டு, கீழ் ஓரத்தில் ரோஜா நிறக் கரை கட்டி, தலைக்கு நேர்மேலே கிரீடம் போல் வெடித்துச் சிதறியதும் அரங்கில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் ‘ஆ’ என்றோம். அத்தை என் கையைப் பிடித்த இடத்தில் மறுநாள் வரை சிவப்பு இருந்தது. காட்சி முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினாள். பக்கத்தில் இருந்த ஜெர்மன் தம்பதியும் வேறு வழியில்லாமல் தட்டினார்கள்.

திரைக்குப் பின்னால்

கூட்டம் கலைந்த பிறகும் நான் நகரவில்லை. அரங்கைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞரிடம், ‘எப்படிங்க இது?’ என்று ஒட்டிக்கொண்டேன். கேட்க ஆள் கிடைத்த மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது.

சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலாவில் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்குப் போயிருக்கிறேன். நட்டநடுவே ராட்சத எறும்பு போல் ஒரு கருவி நின்றது நினைவிருக்கிறது. இன்றைய டிஜிட்டல் அரங்குகளில் அந்த எறும்பு இல்லை. ஓரங்களில் ஒளித்து வைத்த புரொஜெக்டர்கள் ஆளுக்கு ஒரு துண்டு வானத்தைப் போடுகின்றன. துண்டுகள் சேரும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படியவிட்டு, வெளிச்சத்தைக் குறைத்து, தையல் தெரியாமல் இழைத்துவிடுகிறார்கள். வளைந்த கூரையில் நேராகத் தெரியவேண்டும் என்பதற்காகப் படத்தை முதலிலேயே கோணலாக்கி அனுப்புகிறார்கள்.

இன்னொரு ரகசியம் கேளுங்கள். இத்தகைய கூரைகள் வெள்ளையாக இருப்பதில்லை. சாம்பல் நிறம்! வெள்ளையடித்தால் ஒரு பக்க வெளிச்சம் எதிர்ப்பக்கத்தில் பட்டுத் தெறித்து ராத்திரியையே வெளிறச் செய்துவிடும். போதாக்குறைக்கு அந்தக் கூரையின் அலுமினியத் தகடு முழுக்க இட்லித் தட்டைவிட நெருக்கமாகப் பொடிப்பொடி ஓட்டை. பின்னால் இருக்கும் ஸ்பீக்கரின் ஓசை அதன் வழியேதான் வருகிறது. வானத்துக்கு ஓட்டை போட்டு, வானத்துக்குப் பின்னாலிருந்து பாட்டுப் போடுகிறார்கள்!

“அப்போ அந்த ஆட்டம் நெசமா, பொம்மையா?” இது அத்தை.

இரண்டும்தான். துருவ ஒளியைப் பெரும்பாலும் மீன்கண் லென்ஸ் பூட்டிய கேமராவை வானத்தைப் பார்த்து மல்லாத்தி வைத்து எடுப்பார்கள். ஒரு படத்துக்குப் பல விநாடி ஒளியைக் குடிக்க விடுவார்கள். ஆயிரக்கணக்கில் எடுத்ததைக் கோத்து வேகமாக ஓட்டினால் பத்து நிமிட ஆட்டம் சில விநாடிகளாகிவிடும். நிறம் கொழிக்கும். நம் கண்ணுக்கு அந்த வசதி கிடையாது. மங்கிய ஒளியில் நிறம் பிரிக்கும் செல்கள் படுத்துவிடும், கருப்பு வெள்ளை பார்க்கும் செல்கள் மட்டும் விழித்திருக்கும். அதனால் மெல்லிய துருவ ஒளி நேரில் வெறும் சாம்பல் புகையாகவே தெரியும்.

“மேகத்துக்கும் அதுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?” என்றேன்.

இளைஞர் சிரித்தார். மேகம் நட்சத்திரத்தை மறைக்கும், துருவ ஒளி மறைக்காது. அவ்வளவுதான். அத்தை அதை இரண்டுமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

பெட்டிக்குள் முதல் ஒளி

துருவ ஒளியை அறைக்குள் கொண்டுவரும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. நார்வே விஞ்ஞானி கிறிஸ்டியன் பிர்க்கலாந்து நூறு வருடத்துக்கு முன்பே அதைச் செய்துவிட்டார். காற்றை உறிஞ்சிய கண்ணாடிப் பெட்டிக்குள் காந்தமேற்றிய உலோக உருண்டை ஒன்றை வைத்து, எலக்ட்ரான்களைப் பாய்ச்சினார். உருண்டையின் இரு துருவங்களைச் சுற்றியும் ஒளி வளையம்! சூரியனிலிருந்து வரும் துகள்களைப் பூமியின் காந்தம்தான் துருவம் நோக்கி இழுத்துச் செல்கிறது என்று காட்ட அவர் செய்த பொம்மைப் பூமி அது. நார்வே தன் 200 குரோனர் நோட்டில் அவர் படத்தை அச்சிட்டுக் கௌரவித்தது.

நிறங்களின் கதை இன்னும் ருசி. பச்சையும் சிவப்பும் ஒரே ஆக்சிஜன் அணுவின் வேலை. அடிபட்ட அணு முக்கால் விநாடியில் பச்சையைக் கக்கிவிடும். சிவப்பைக் கக்க அதற்குக் கிட்டத்தட்ட இரண்டு நிமிட நிம்மதி வேண்டும். 100 கிலோமீட்டர் உயரத்தில் காற்றணுக்களின் நெரிசல், டவுன்பஸ் கணக்கு. இரண்டு நிமிடத்துக்குள் யாராவது இடித்துவிடுவார்கள், சிவப்பு நின்றுபோகும். 200 கிலோமீட்டருக்கு மேலே காலி பஸ். அங்கேதான் சிவப்பு. அத்தனை உயரத்தில் இருப்பதால் அது வெகுதொலைவுக்கும் தெரியும். 2024 மே மாதச் சூரியப் புயலில் லடாக்கின் ஹான்லேயில்கூடச் செந்நிற வானம் பதிவானது அப்படித்தான். அந்தப் புயல்கள் கிளம்பும் சூரியப் புள்ளிகளை நூறு வருடத்துக்கும் மேலாகப் படம் பிடித்துவரும் இடங்களில் ஒன்று நம் கொடைக்கானல். அதைச் சொன்னதும், “நம்மூரு ஆளு அங்கன பாத்துக் குடுக்கான், இவன் இங்கன டிக்கெட் போடுதான்” என்றாள் அத்தை.

ஊர்க்கதையும் ஒன்று உண்டு. கர்ப்பிணிகள் துருவ ஒளியைப் பார்த்தால் பிள்ளைக்கு மாறுகண் வரும் என்று பழைய ஐஸ்லாந்தில் பயந்தார்களாம். அத்தைக்கு அது புதுசாகவே இல்லை. “கிரகணத்துக்கு நம்ம ஆச்சி சொன்னதுதானே!”

ஒன்று பத்துக்கு ஒரு போன்

இரண்டாவது இரவும் மேகம். மூன்றாவது இரவு, எள்ளுருண்டையும் தீர்ந்து, மூட்டையும் கட்டிவிட்டுப் படுத்தோம்.

1.10-க்கு போன் அலறியது.

நான் எடுப்பதற்குள் அத்தை கதவருகே நின்றாள். நைட்டி மேல் ஸ்வெட்டர், அதன்மேல் என் கோட்டு. ஓட்டலுக்குப் பின்னால் கடலை நோக்கிப் போகும் பாதையில் விளக்கில்லாத இடமாகப் பார்த்து ஓடினோம். 2016 செப்டம்பரில் ஒரு ராத்திரி, துருவ ஒளி நன்றாகத் தெரிய வேண்டும் என்று இந்த நகரம் தெருவிளக்கையே அணைத்தது. எங்களுக்காக யாரும் அணைக்கவில்லை, மரங்கள்தான் மறைத்துக் கொடுத்தன.

மேலே பார்த்தேன். வெளிறிய ஒரு பட்டை. அடுப்புப் புகை மாதிரி. ஏற்கெனவே வந்து நின்ற நாலைந்து பேர் ‘மேகம்’ என்று சொல்லித் திரும்ப ஆரம்பித்தார்கள். எனக்கும் நெஞ்சு இறங்கிவிட்டது.

“நில்லுங்க!” தமிழிலேயே அதட்டினாள் அத்தை. விரல் வானத்தைக் காட்டியது. “உள்ளே நட்சத்திரம் தெரியுது பாரு. இது மேகம் இல்ல.”

எல்லோரும் நின்றார்கள். மொழி புரியாவிட்டாலும் அந்த விரலை யாரும் மீற முடியாது.

ஒரு நிமிடம். இரண்டு. புகை கொஞ்சம் தடித்தது. பிறகு எந்த இசையும் இல்லாமல், எந்த அறிவிப்பும் இல்லாமல், ஓரத்தில் லேசாகப் பச்சை ஏறியது. அரங்கில் பார்த்த பச்சையில் கால்வாசிகூட இல்லை. ஆனால் அசைந்தது! யாரோ மறுமுனையைப் பிடித்து உதறியது போல் கிழக்கிலிருந்து மேற்கு வரை ஒரு நெளிவு ஓடியது. அரங்கில் நாங்கள் எல்லோரும் கத்தினோம். இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் மூச்சு மட்டும் புகையாகப் போனது. பல்லிடுக்கில் எள் மாட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்கக்கூடக் கை வரவில்லை.

ஏழு நிமிடம் இருந்திருக்கும். வந்த மாதிரியே வெளிறி, புகையாகி, காணாமல் போனது.

அத்தை மெல்லக் கையைத் தூக்கினாள். கைதட்டப் போகிறாளோ என்று பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, ரகசியம் போலக் கேட்டாள்:

“ஏட்டி, அடுத்த ஷோ எத்தனை மணிக்கு?”

மூன்று மணி வரை நின்றோம்.