ரோபோ தானாகவே கியர் மாற்றுவது எப்படி?

மேட்டில் டாப் கியரிலேயே பைக்கை ஏற்றினால் எஞ்சின் திணறி அணைந்துவிடும். மோட்டாரில் ஓடும் ரோபோவுக்கும் இதே பிரச்னைதான். ஆனால் மோட்டார், நின்ற நிலையிலும் கரண்ட்டை இழுத்துக்கொண்டே இருக்கும்.

அமெரிக்காவில் 1992-ல் தொடங்கிய ஃபர்ஸ்ட் ரோபோ போட்டிக்காக, ஒரு பள்ளி அணிக்கு புரோகிராம் எழுத நான் உதவினேன். எங்கள் ரோபோவில் நான்கு சிம் மோட்டார்கள், ஒரு 12 வோல்ட் பேட்டரி, காற்றழுத்த பிஸ்டனால் மாறும் இரண்டு கியர்கள்.

சிம் மோட்டார் சுமையின்றிச் சுற்றினால் சுமார் 3 ஆம்பியர் எடுக்கும். சுற்ற முடியாமல் நின்றால் சுமார் 130 ஆம்பியர்! ஹை கியரில் எதிரணி ரோபோவைத் தள்ளினால் நான்கு மோட்டாரும் சேர்ந்து பேட்டரியின் வோல்டேஜை இறக்கிவிடும். அது 6.3-க்குக் கீழே போனால், எங்களிடம் இருந்த ரோபோரியோ கண்ட்ரோலர் மோட்டார்களை நிறுத்திவிடும். லோ கியரில் இந்தத் தொல்லை குறைவு. மோட்டார் நிற்பதற்கு முன்பே சக்கரம் தரையில் வழுக்கிவிடும்.

முதலில், "40 ஆம்பியரைத் தாண்டினால் லோ, குறைந்தால் ஹை" என்று எழுதினோம். லோ கியருக்கு மாறியதும் கரண்ட் குறைந்தது. உடனே ஹை கியர். மீண்டும் கரண்ட் ஏறியது. பிஸ்டன் 'டக் டக்' என்று அடித்தே தொட்டியின் காற்றைத் தீர்த்துவிட்டது. அதே காற்றில் இயங்கும் ரோபோவின் கை பாதி ஆட்டத்தில் நின்றுபோனது. தோற்றோம்.

பிறகு புரோகிராமை இப்படி மாற்றினோம்:

1. எப்போதும் லோ கியரில் புறப்பட வேண்டும். எங்கள் லோ கியரின் உச்ச வேகம் விநாடிக்கு 7 அடி. வேகம் 6 அடியைத் தாண்டினால் ஹை.

2. வேகம் 3 அடிக்குக் கீழும், ஒரு மோட்டாரின் கரண்ட் 40 ஆம்பியருக்கு மேலும் கால் விநாடி நீடித்தால் மட்டுமே லோ.

3. ஒருமுறை மாற்றினால் அடுத்த அரை விநாடிக்கு மாற்றக் கூடாது.

4. ரோபோ திரும்பும்போது மாற்றக் கூடாது.

5. ஓட்டுபவர் பட்டனை அழுத்தினால் அவர் சொல்வதே இறுதி.

இதில் முக்கியம் 6-க்கும் 3-க்கும் உள்ள இடைவெளிதான். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஒரு வெப்பநிலையில் ஆன் ஆகி, அதைவிடக் குறைந்த வெப்பநிலையில்தான் ஆஃப் ஆகும். இரண்டும் ஒன்றானால் கம்ப்ரஸர் ஓயாமல் ஆன், ஆஃப் ஆகிக்கொண்டே இருக்கும்.

இந்த எண்கள் எங்கள் ரோபோவுக்கானவை. நீங்கள் ரோபோ செய்தால் ஓட்டிப் பார்த்து உங்கள் எண்களைக் கண்டுபிடியுங்கள். ஆனால் ஏறவும் இறங்கவும் ஒரே எண்ணை மட்டும் வைத்துவிடாதீர்கள்.