அடிக்கோல் நீள விமானத்துக்கு ஏன் இந்த விலை?

“இந்தப் பொம்மைக்கா இவ்வளவு பணம்?” காஜாங், செமினி பக்கம் அடுக்குமாடி வீடுகளில் போர் விமான மாதிரிகளைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் இளைஞர்கள் வீட்டாரிடம் கேட்டுப் பழகிய கேள்வி இது. கேள்வி நியாயமானதுதான். உலோகத்தில் வார்த்து வண்ணம் பூசிய ஒரு மாதிரி சில நூறு வெள்ளிக்கு விற்கிறது. வீட்டுக் கடனும் கார் கடனும் போக மிஞ்சுவதில் வாங்குகிறவர், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

நம் அரச மலேசிய ஆகாயப் படையின் சுகோய் எஸ்.யு-30 எம்.கே.எம் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். 2003-இல் ரஷ்யாவிடம் 18 விமானங்களை வாங்க மலேசியா ஒப்பந்தம் செய்தது. அந்த ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகத்தான் 2007 அக்டோபரில் டாக்டர் ஷேக் முசாபர் விண்வெளிக்குச் சென்றார். அசல் விமானத்தின் நீளம் ஏறத்தாழ 22 மீட்டர். சேகரிப்பாளர்கள் அதிகம் விரும்பும் 1/72 அளவில் அது 30 சென்டிமீட்டர் ஆகிறது. பள்ளிப் பிள்ளையின் அடிக்கோல் நீளம்! அசலில் 6 அடி இருந்தால் மாதிரியில் 1 அங்குலம் என்பதே இந்தக் கணக்கு. 1930-களில் பிரிட்டனில் பரவிய இந்த அளவு இன்றும் மாறவில்லை.

அச்சுதான் முதல் செலவு

டைகாஸ்ட் எனப்படும் உலோக மாதிரிக்கு, உருக்கிய துத்தநாகக் கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்துகிறார்கள். முதல் விமானம் வெளிவரும் முன்பே அச்சுக்குப் பெரும் பணம் போய்விடும். அதைத் திரும்ப எடுக்க ஒரே வழி, அதே அச்சில் பல நாட்டு வண்ணங்களை அடித்து விற்பதுதான். எஃப்-16 மாதிரிகள் சந்தையில் குவிந்து கிடப்பதற்குக் காரணம் இதுவே. அந்த விமானத்தைப் பல நாடுகள் பறக்கவிடுகின்றன.

நமக்கோ 18 விமானங்கள் மட்டுமே. நமக்கென்று தனி அச்சு செய்வது நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் இந்தியாவின் எம்.கே.ஐ வகையிலிருந்து உருவானதுதான் நம் எம்.கே.எம். தஞ்சாவூர் விமானப் படைத் தளத்தில் 2020 ஜனவரியில் தொடங்கப்பட்ட 222-ஆம் அணி வைத்திருப்பதும் எம்.கே.ஐ வகைதான். இரண்டுக்கும் விமானி அறைக்குப் பின்னால் சிறு முன்னிறக்கைகள் உண்டு. ஆக, இந்திய விமானத்துக்குச் செய்த அச்சு, சிறு மாற்றங்களோடு நமக்கும் உதவும்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியதும் இங்கேதான். சீனாவின் எம்.கே.கே வகைக்கு அந்த முன்னிறக்கைகள் கிடையாது. முன்னிறக்கை இல்லாத மாதிரியில் மலேசியச் சின்னம் இருந்தால், அது வேறு நாட்டு உடம்புக்கு நம் சட்டையைப் போட்டது போலத்தான். நம் விமானத்தில் சுவீடன் நாட்டு சாப் நிறுவனத்தின் ஏவுகணை எச்சரிக்கைக் கருவிகளும் உண்டு. அவற்றையும் காட்டியிருந்தால், தயாரிப்பாளர் அக்கறையோடு வேலை செய்திருக்கிறார் என்று நம்பலாம்.

கனம் தரமாகாது

கையில் எடுத்தால் கனமாக இருப்பது நல்ல மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஏவுகணையின் வால், உணர்கொம்பு போன்ற மெல்லிய பகுதிகள் உலோகத்தைவிடப் பிளாஸ்டிக்கில்தான் கூர்மையாக வரும். நல்ல மாதிரிகளில் இரண்டும் கலந்தே இருக்கும்.

உடலில் தெரியும் தகட்டு இணைப்புக் கோடுகளையும் பாருங்கள். அசலில் 3 மில்லிமீட்டர் இடைவெளி, 1/72 அளவில் 0.04 மில்லிமீட்டர்தான். தலைமுடியைவிட மெல்லியது. அப்படியே செய்தால் கண்ணுக்கே தெரியாது. அதனால் தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே கோடுகளை ஆழமாக்குகிறார்கள். அளவோடு செய்தால் அழகு. மிஞ்சினால் விமானம் ஓடு பதித்த தரை போல் ஆகிவிடும். சக்கரங்களை மடக்கி விரிக்கும் வசதியும் இப்படித்தான். விளையாட நன்றாக இருக்கும், ஆனால் அசையும் இடமெல்லாம் இடைவெளி தெரியும்.

விலையோடு முடிவதில்லை

இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கினால், 500 வெள்ளிக்கு மேற்போகாத பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. விமானப் பெட்டி எடை குறைவு, ஆனால் இடத்தை அடைக்கும். கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் பருமனையும் கணக்கிடுவதால் அனுப்பும் செலவும் ஏறும். இவற்றைக் கூட்டிப் பார்த்த பிறகே விலை மலிவா என்று முடிவு செய்யுங்கள்.

“குறைந்த எண்ணிக்கையே தயாரிப்பு” என்ற அட்டையைப் பார்த்து முதலீடாக நினைத்து வாங்க வேண்டாம். விற்றுத் தீர்ந்த மாதிரியின் விலை ஏறுவது உண்டு. ஆனால் அச்சு தயாரிப்பாளரிடமே இருக்கிறது. வால் எண்ணை மட்டும் மாற்றி மறுபடி வெளியிட்டால், பழையதன் விலை இறங்கிவிடலாம்.

கையைக் கடிக்காத வழியும் இருக்கிறது. பிளாஸ்டிக் பாகங்களாக வரும் பெட்டியை வாங்கி, ஒட்டி, நாமே வண்ணம் பூசலாம். பிள்ளைகளோடு சேர்ந்து செய்தால் பல வார இறுதிகளுக்கு அதுவே போதும்.

காஜாங்கிலிருந்து எட்டும் தூரத்தில் இருந்த சுங்கை பீசி விமானத் தளம் 2018-இல் மூடப்பட்டது. 1995-இல் வந்த மிக்-29 விமானங்களும் ஓய்வு பெற்றுவிட்டன. தளம் மூடலாம், விமானம் ஓய்வு பெறலாம். பார்த்து வளர்ந்த ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்படுவதில் தவறில்லை. அந்த ஆசைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதைக் கடைக்குப் போகும் முன்பே வீட்டாரோடு பேசி முடிவு செய்துவிடுங்கள்.