தானாகவே ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டர்... 'ஃபார்மட்' போடுவதற்கு முன் இதைக் கவனியுங்கள்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும், மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் வீட்டு கம்ப்யூட்டருக்கு வேலை வந்துவிடும். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் ஆன்லைனில்தான் நடக்கிறது. விண்ணப்பத்தை நிரப்பி, சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பதிவேற்றிக்கொண்டிருக்கும்போது திரை சட்டென்று இருண்டு, கம்ப்யூட்டர் முதலிலிருந்து ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? அதுவும் கடைசித் தேதிக்கு முந்தைய நாள் இரவில்!

பதறிப்போய்க் கடைக்குத் தூக்கிச் சென்றால், பல இடங்களில் கிடைக்கும் முதல் பதில், "ஃபார்மட் போட்டுடலாம் சார்." இதில்தான் ஆபத்து இருக்கிறது. கோளாறு கரன்ட்டிலோ சூட்டிலோ இருந்தால், ஃபார்மட் போட்ட பிறகும் கம்ப்யூட்டர் அதேபோலத்தான் ரீஸ்டார்ட் ஆகும். ஆனால், பத்து வருடக் குடும்பப் புகைப்படங்கள் போனது போனதுதான். அதனால், கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும்போதே முக்கியமான ஃபைல்களை பென்டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

அடுத்து, இரண்டு நாள்களுக்கு ஒரு துண்டுச்சீட்டில் குறித்து வாருங்கள். எந்த நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகிறது? அப்போது வீட்டில் வேறு என்ன நடந்தது? பாதி விடை அந்தச் சீட்டிலேயே இருக்கும்.

கரன்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் ஆகிறதா? விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீடுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், லைட் ஒரு சிமிட்டு சிமிட்டும், கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். காரணம் எளிது. கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ் பெட்டியால், கரன்ட் நின்றால் சுமார் 16 மில்லிசெகண்டுதான் தாக்குப்பிடிக்க முடியும். சாதாரண இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுக்கலாம். பல இன்வெர்ட்டர்களில் 'யு.பி.எஸ் மோடு' என்று ஒரு ஸ்விட்ச் உண்டு. வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அதைப் போட்டாலே சில வீடுகளில் பிரச்னை தீர்ந்துவிடும். தனி யு.பி.எஸ் வைத்திருப்பவர்கள், அதன் பேட்டரிக்கு இரண்டு, மூன்று வயது ஆகிவிட்டதா என்று பாருங்கள். செத்த பேட்டரி உள்ள யு.பி.எஸ், வெறும் கனமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். லேசர் பிரின்டரை அதே யு.பி.எஸ்ஸில் மாட்டுவதும் வேண்டாம். சூடேறும்போது அது ஒரேயடியாக கரன்ட்டை இழுக்கும்.

தண்ணீர் மோட்டார் போட்டதும் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால், மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் சரிகிறது என்று அர்த்தம். நல்ல எஸ்.எம்.பி.எஸ் இதைச் சமாளித்துவிடும். உள்ளே கெபாசிட்டர்கள் உப்பிப்போன பழைய பெட்டியால் முடியாது. ஒரு எச்சரிக்கை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெட்டிக்குள் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். அதை மட்டும் நீங்களே திறக்காதீர்கள்.

கரன்ட் சீராக இருந்தும், வீடியோ பார்க்கும்போதோ கேம் விளையாடும்போதோ, ஓட ஆரம்பித்து அரை மணி நேரம் கழித்து நிற்கிறதா? அது சூடு. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில் எவ்வளவு பெருக்கினாலும் தூசி வரும். அது பிராசஸரின் ஃபேனுக்கு அடியில் கம்பளிபோலப் படிந்துவிடும். சூடு அதிகமானால் பிராசஸர் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; 100 டிகிரியை ஒட்டியும் தாண்டியும் போனால், கருகாமல் இருக்க கம்ப்யூட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். கத்திரி வெயிலில், கதவு போட்ட கம்ப்யூட்டர் டேபிளுக்குள் சி.பி.யு-வை வைத்துவிட்டு அதைக் குறைசொல்வது நியாயமில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுற்றாதபடி பென்சிலால் பிடித்துக்கொண்டு, பெயின்ட் பிரஷ்ஷாலோ புளோயராலோ தூசியை எடுங்கள். பல வருடம் ஆகியிருந்தால், பிராசஸர் மேல் இருக்கும் தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும். கடையில் புதிதாகத் தடவிக் கொடுப்பார்கள்.

வெயிலைப் போலவே மழைக்கும் இதில் பங்குண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, திண்டிவனத்துக்குப் பக்கத்திலுள்ள மயிலத்தில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டியது. அப்படியொரு மழையில் நனைந்த கம்ப்யூட்டரை 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று ஆன் செய்வதுதான் பெரிய தவறு. முழுதாகக் காயவைத்து, சர்வீஸ் ஆளிடம் காட்டிய பிறகே கரன்ட் கொடுக்க வேண்டும். நனையாமல் தப்பினாலும், ஈரக்காற்றில் ரேமின் தங்க நிற முனைகளில் கறை படியும். ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் முனைகளை மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு மாட்டுவது நம் ஊர் மெக்கானிக்குகளின் பழைய வைத்தியம். பல சமயம் பலிக்கும்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் ரீஸ்டார்ட் ஆகிறதென்றால் சாஃப்ட்வேரையும் பாருங்கள். 2024 ஜூலை 19-ல் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி முடங்கின. பல திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் ஒரே ஒரு தவறான அப்டேட் செய்த வேலை அது. உங்கள் வீட்டில் சோதிக்க, விண்டோஸின் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' பகுதியில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி'க்குள் போய், 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்தமுறை நீலத்திரை வந்தால் அப்படியே நிற்கும். போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'சேஃப் மோடு'-ல் மணிக்கணக்கில் ஒழுங்காக ஓடுகிறது என்றால், கடைசியாகப் போட்ட டிரைவரையோ சாஃப்ட்வேரையோ நீக்கிப் பாருங்கள்.

இதற்குப் பிறகும் சரியாகவில்லையா? சீட்டையும் படத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வேறொரு எஸ்.எம்.பி.எஸ்ஸை மாட்டி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன், உங்கள் பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸோடேயே அங்கே சில மணி நேரம் ஓடட்டும். வீட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்ற கம்ப்யூட்டர், கடையில் மூன்று மணி நேரம் அலுங்காமல் ஓடுகிறதென்றால், செலவு செய்ய வேண்டியது அநேகமாக கம்ப்யூட்டருக்கு இல்லை. எலெக்ட்ரீஷியனை வரச்சொல்லி, அந்த பிளக் பாயின்ட்டையும் எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.