சுழியும் ஓடும் சொல்லும் கடற்கணக்கு

ஹம்பேர்க்கைத் தாய்த்துறைமுகமாகக் கொண்ட கப்பல்களில் 'மெற்றியோர்' என்ற ஆய்வுக் கப்பலும் ஒன்று. இதே பெயருடைய முன்னைய கப்பலொன்று 1925 முதல் 1927 வரை தென் அத்திலாந்திக்கில் ஓடி, கடலடிச் சேற்றைக் குழாய்களில் எடுத்துவந்தது.

அச்சேற்றில் போரமினிபெரா எனப்படும் ஒருகல உயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள் இருந்தன. மணற்துகள் அளவான இவற்றில் சில இனங்கள் நீரில் மிதந்து வாழ்ந்து, இறந்தபின் ஓடாக அடியில் படிபவை. வொல்ப்காங் ஷொட் அவற்றை அடுக்கடுக்காக எண்ணினார். வெப்பநீரில் வாழும் குளோபோரோத்தாலியா மெனார்டியை மேலடுக்கில் இருந்தது. அதற்குக் கீழே இல்லை. அது இல்லாத அடுக்கு பனியுகத்தில் படிந்தது என்று 1935இல் விளக்கினார்.

எந்த இனம் என்பதுடன் அதன் வடிவமும் சாட்சி சொல்லும். சங்கில் வலம்புரி, இடம்புரி இருப்பதுபோல இவற்றின் ஓடுகளும் இருபக்கமாகச் சுழல்கின்றன. பக்கிடேர்மா என்ற வகையில் துருவக் குளிர்நீரில் இடப்பக்கச் சுழியும், அதைவிட வெப்பமான நீரில் வலப்பக்கச் சுழியும் மிகுந்திருப்பதை 1959இல் எரிக்சன் எடுத்துக்காட்டினார். சேற்றில் இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் அக்காலக் கடலின் குளிரை மதிப்பிடலாம். எங்கள் இந்து சமுத்திரத்திலும் ஓர்புலினா என்ற உருண்டை ஓடு வெப்பப் பகுதிகளில் பெரிதாகவும் துளைகள் மிகுந்தும் இருப்பதை 1973இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆனால் ஒரு திருத்தம் வந்தது. இடச்சுழியும் வலச்சுழியும் ஓரினத்தின் இரு வடிவங்கள் அல்ல, இரண்டு வெவ்வேறு இனங்கள் என்று மரபணு ஆய்வுகள் காட்டின. 2006இல் பெயரும் பிரிக்கப்பட்டது. கணக்கெழுதிப் பழகிய எங்களுக்கு இது புதிதல்ல: இருவரின் வரவு ஒரே பேரேட்டில் ஏறியிருந்தது. நல்லவேளையாக, ஒவ்வொன்றும் தனக்குரிய நீரிலேயே வாழ்வதால் பழைய விகிதங்கள் வீணாகவில்லை. காரணம்தான் மாறியது: குளிர் வந்தபோது ஓர் உயிர் சுழியை மாற்றவில்லை, அதன் இடத்துக்கு இன்னொன்று வந்தது.

இந்த வேறுபாடு இன்றைக்கும் முக்கியம். நாம் எரிக்கும் எண்ணெயின் காபனீரொட்சைட்டில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சுகிறது. அதனால் ஓடு கட்டத் தேவையான காபனேற்று நீரில் குறைகிறது. தென்சமுத்திரத்தில் ஓரினத்தின் இன்றைய ஓடுகள், தொழிற்புரட்சிக்கு முன் சேற்றில் படிந்தவற்றைவிட 30 முதல் 35 சதவீதம் எடை குறைந்தவை என 2009இல் அறிவிக்கப்பட்டது. பழைய சேறு கையில் இல்லாவிட்டால், இன்றைய ஓடு மெலிந்தது என்றே எங்களுக்குத் தெரிந்திருக்காது.